‘ஆம், இருக்கிறது’: 1972 அலாஸ்கா விமான மறைவும் உடன் போகாத உயிர்காப்புக் கருவியும்

1972 அக்டோபர் 16, திங்கட்கிழமை காலை 8.59 மணிக்கு அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரிலிருந்து இரட்டை எஞ்சின் கொண்ட செஸ்னா 310சி என்ற சிறிய விமானம் ஒன்று கிளம்பியது. அதில் நான்கு பேர் இருந்தார்கள். அலாஸ்கா மாநிலத்தின் ஒரே பிரதிநிதிகள் சபை உறுப்பினரான நிக் பெகிச், அவருடைய உதவியாளர் ரஸ்ஸல் பிரவுன், பெகிச்சுக்காகத் தேர்தல் பிரசாரம் செய்ய லூசியானாவிலிருந்து வந்திருந்த சபையின் பெரும்பான்மைக் கட்சித் தலைவர் ஹேல் பாக்ஸ், விமானத்தை ஓட்டிய டான் ஜோன்ஸ் ஆகியோரே அந்த நால்வர். தென்கிழக்கே சுமார் 900 கி.மீ. தொலைவில் இருக்கும் மாநிலத் தலைநகர் ஜூனோவில் நடக்கவிருந்த பிரசார நிதி திரட்டும் நிகழ்ச்சிக்கு அவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள்.

கிளம்பிய பத்து நிமிடத்தில் ஜோன்ஸ் வானிலிருந்தபடியே வானொலியில் தம் பயணத் திட்டத்தைப் பதிவு செய்தார். யாகுடாட் வழியாக ஜூனோ, பயண நேரம் மூன்றரை மணி, எரிபொருள் ஆறு மணி நேரத்துக்கு என்று சொன்னார். தரையிலிருந்த பணியாளர் அந்த நிலத்தில் வழக்கமாகக் கேட்கப்படும் கேள்வியையும் கேட்டார்: உயிர்காப்புச் சாமான்களும் அவசர இடங்காட்டிக் கருவியும் விமானத்தில் இருக்கின்றனவா? ‘ஆம்’ என்ற பொருளில் பதில் வந்தது. அதன் பிறகு அந்த விமானத்திலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. இன்றுவரை அதன் ஒரு துண்டு தகடுகூடக் கிடைக்கவில்லை.

அந்தப் பதிலைத்தான் இந்த ஆய்வு பின்தொடர்கிறது. விமானம் ஏன் விழுந்தது என்ற கேள்விக்கு இங்கே விடை தேடப்போவதில்லை. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமே, சிதைவு கிடைக்காத நிலையில், காரணத்தைத் தீர்மானிக்க முடியவில்லை என்று 1973 ஜனவரியில் தன் அறிக்கையை முடித்துக்கொண்டது. ஆனால் விமானத்தில் என்ன இருந்தது, என்ன இல்லை என்பது பற்றி அந்த அறிக்கை தெளிவாகப் பேசுகிறது. சிறு விமானத்தில் பறக்கும் எவரும் படிக்கவேண்டிய பகுதி அதுவே.

ஃபேர்பேங்க்ஸில் கிடந்த கருவி

அந்தக் காலத்து அவசர இடங்காட்டி என்பது கையில் எடுத்துச் செல்லக்கூடிய ஒரு சிறு பெட்டி. விமானத்திலேயே நிலையாகப் பொருத்தப்பட்ட கருவிக்குப் பதிலாக விமானி தம்முடன் அத்தகைய பெட்டியை எடுத்துச் சென்றாலும் போதும் என்று அலாஸ்கா சட்டம் இடம் கொடுத்தது. விமானம் மோதினாலோ, கையால் இயக்கினாலோ அது குறிப்பிட்ட அலைவரிசையில் இடைவிடாமல் ஓர் ஒலியை அனுப்பும். தேடிவரும் விமானங்கள் அந்த ஒலியைப் பிடித்துக்கொண்டு இடத்தை நெருங்கும்.

ஜோன்ஸிடமும் அப்படி ஒரு பெட்டி இருந்தது. அது ஃபேர்பேங்க்ஸ் நகரில், வேறொரு விமானத்துக்குள் கிடந்ததை விசாரணையாளர்கள் கண்டார்கள். கிளம்புவதற்கு முன் அவருடைய கைப்பெட்டியில் அதுபோன்ற ஒரு பொருளைப் பார்த்ததாக ஒருவர் சாட்சி சொன்னார். ஆனால் அதன் நிறம் பொருந்தவில்லை. எல்லாவற்றையும் எடைபோட்ட வாரியம், விமானியிடமும் சரி, விமானத்திலும் சரி, இடங்காட்டி இருக்கவில்லை என்ற முடிவுக்கு வந்தது. தேடுதல் நடந்த நாட்களில் அந்த விமானத்துடையது என்று சொல்லத்தக்க ஓர் ஒலியும் எங்கும் கேட்கவில்லை.

இதைப் பொய் என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது. எனக்கு அது போதுமான விளக்கமாகப் படவில்லை. ஜோன்ஸ் புதியவர் அல்லர். ஃபேர்பேங்க்ஸில் சிறு விமான நிறுவனம் நடத்தியவர். இறக்கையில் பனி படியும் சூழலில் பறப்பதைப் பற்றி விமானிகள் படிக்கும் இதழில் கட்டுரை எழுதுமளவு தம் திறமையில் நம்பிக்கை கொண்டவர். இத்தகைய ஒருவர் வாரத்தில் இரண்டு மூன்று விமானங்களை மாற்றி மாற்றி ஓட்டும்போது, கையில் எடுத்துச் செல்லும் பெட்டி எந்த விமானத்தில் கடைசியாக வைக்கப்பட்டது என்பது நினைவை மட்டுமே நம்பி நிற்கும் காரியமாகிவிடுகிறது. வீட்டுச் சாவி சட்டைப்பையில் இருக்கிறது என்று உறுதியாகச் சொல்லிவிட்டு வாசலில் வந்து தடவிப் பார்ப்பவர்களுக்கு இது புரியும். வேறுபாடு ஒன்றே ஒன்று: ஜோன்ஸ் பதில் சொன்னபோது அவர் ஏற்கெனவே வானத்தில் இருந்தார். பதில் தவறு என்று தெரிந்திருந்தாலும், அதைத் திருத்தத் திரும்பிவந்து இறங்கவேண்டும்; இரண்டு முக்கியஸ்தர்கள் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு காலை வேளையில் எந்த விமானி அதைச் செய்வார் என்று கேட்டுப் பார்க்கலாம்.

அன்றைய வானிலையும் அந்தப் பதிலுக்கு எடை கூட்டியது. ஆங்கரேஜிலிருந்து கிழக்கே போகும் சிறு விமானங்கள் போர்ட்டேஜ் கணவாய் என்னும் குறுகிய மலையிடுக்கைக் கடந்து பிரின்ஸ் வில்லியம் சவுண்ட் என்ற கடற்பகுதிக்குள் நுழைவது வழக்கம். அங்கே கண்பார்வையை நம்பிப் பறப்பதற்கு ஏற்ற நிலை அன்று இல்லை. மேகம் தாழ்ந்திருந்தது, காற்றுக் கொந்தளிப்பும் பனிப்படிவும் முன்னறிவிக்கப்பட்டிருந்தன. ஒரு பக்கம் பனியாறுகளும் மலைகளும், மறுபக்கம் குளிர்ந்த கடலும். இறங்கியே ஆகவேண்டும் என்ற நிலை வந்தால் எங்கு இறங்கினாலும், உதவி வரும்வரை உயிரோடு இருப்பது கையில் இருக்கும் சாமானைப் பொறுத்தது.

39 நாள் தேடினார்கள். கடலோரக் காவல்படை, விமானப்படை, கடற்படை, தரைப்படை, தன்னார்வ விமானிகள் என அனைவரும் சேர்ந்து சுமார் 3,25,000 சதுர மைல் பரப்பை அலசினார்கள். இடையில் நவம்பர் 7 அன்று தேர்தல் வந்தது. காணாமற்போயிருந்த பெகிச்சையே அலாஸ்கா மக்கள் மீண்டும் தேர்ந்தெடுத்தார்கள். நவம்பர் 24 அன்று தேடுதல் நிறுத்தப்பட்டது. டிசம்பர் 29 அன்று பெகிச் இறந்தவராக அறிவிக்கப்பட்டார்.

கருவி இருந்திருந்தால் நால்வரும் பிழைத்திருப்பார்கள் என்று வாதிடுவது நேர்மையாகாது. விமானம் நேராக மலையில் மோதியிருந்தால் எந்தப் பெட்டியும் உதவாது. கடலில் மூழ்கியிருந்தால் நீருக்கடியிலிருந்து அந்த ஒலி மேலே வராது. சொல்லக்கூடியது இவ்வளவே: பிழைப்பதற்கு ஒரு வாய்ப்பு இருந்திருந்தால், அந்த வாய்ப்பைப் பயன்படுத்தும் வழி ஃபேர்பேங்க்ஸில் கிடந்தது.

சட்டம் போட்ட பட்டியல்

அலாஸ்காவில் உயிர்காப்புச் சாமான் என்பது விமானியின் விருப்பத்துக்கு விடப்பட்ட ஒன்றாக இருக்கவில்லை. மாநிலச் சட்டமே பட்டியல் போட்டது. பல ஆண்டுகள் நடைமுறையிலிருந்த அதன் வடிவத்தைப் படித்தால் எழுதியவர்கள் அந்தக் காட்டை அறிந்தவர்கள் என்பது தெரியும். விமானத்திலுள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு வாரம் உயிர்தாங்கும் அளவு உணவு, ஒரு கோடரி, முதலுதவிப் பெட்டி, தூண்டில் முள்ளும் கயிறும் ஈயக்குண்டும் அடங்கிய மீன்பிடிச் சாமான், கத்தி, தீமூட்டி, ஆளுக்கொரு கொசுவலைத் தலையுறை, உலோக உறைக்குள் மூடிவைத்த இரண்டு சமிக்ஞைப் பொருள்கள். அக்டோபர் 15 முதல் ஏப்ரல் 1 வரை இவற்றோடு பனியில் நடக்கும் காலணி ஒரு சோடி, உறங்குபை ஒன்று, நான்கு பேருக்கு மேல் இருந்தால் கூடுதலாக உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு கம்பளிப் போர்வை. நெடுங்காலம் துப்பாக்கியும் தோட்டாவும்கூட இந்தப் பட்டியலில் இருந்தன. பின்னர் அவை நீக்கப்பட்டன.

கொசுவலையைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. அலாஸ்காவின் கோடையில் கொசுவுக்குப் பயந்து முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பவனால் தூங்க முடியாது, காயத்தைக் கழுவ முடியாது, தேடிவரும் விமானத்தின் சத்தத்தைக் காதுகொடுத்துக் கேட்கவும் முடியாது என்பதை அனுபவித்தவர்கள் எழுதிய வரி அது. குளிர்காலத்தில் நான்கு பேருக்கு ஒரே ஒரு உறங்குபை என்ற கணக்குதான் எனக்கு விளங்காத ஒன்று. சட்டம் குறைந்தபட்சத்தை மட்டுமே சொல்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். இந்த வடிவத்தை வைத்துப் பார்த்தால், அக்டோபர் 16 குளிர்காலப் பட்டியலின் இரண்டாம் நாள்.

சுத்தியலும் உளியும்

பட்டியலில் உள்ளவை இல்லாமற்போனால் என்ன ஆகும் என்பதற்கு அதே வடக்கு நிலத்தில், ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நடந்த மற்றொரு நிகழ்வு விடை சொல்கிறது. பாக்ஸ்–பெகிச் விமானம் சுவடில்லாமல் மறைந்ததால் அங்கே நாம் ஊகிக்க வேண்டியிருப்பதை, இங்கே பிழைத்துவந்தவர்களே சொன்னார்கள்.

1963 பிப்ரவரி 4 அன்று கலிஃபோர்னியாவைச் சேர்ந்த 42 வயது ரால்ஃப் ஃப்ளோரஸ் தம்முடைய ஒற்றை எஞ்சின் ஹோவார்ட் விமானத்தில், கனடாவின் யூகான் பகுதியிலுள்ள வைட்ஹார்ஸிலிருந்து தெற்கே ஃபோர்ட் செயின்ட் ஜானுக்குக் கிளம்பினார். உடன் வந்தவர் நியூயார்க்கின் புரூக்லினைச் சேர்ந்த 21 வயது ஹெலன் கிளாபன்; பயணச் செலவைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டில் ஏறியவர். வழியில் மோசமான வானிலையில் சிக்கி விமானம் மரங்களடர்ந்த மலைச்சரிவில் மோதியது. ஃப்ளோரஸுக்குத் தாடையும் விலா எலும்புகளும் முறிந்தன; கிளாபனுக்குக் கை முறிந்தது, காலில் பலத்த காயம். வெளியே குளிர் சுழியத்துக்குக் கீழே 40 டிகிரி வரை இறங்கும் காலம்.

விமானத்தில் உறங்குபை இல்லை. துப்பாக்கி இல்லை. கோடரியும் இல்லை. உணவென்று இருந்தவை சில டப்பா மீனும் பழமும், கொஞ்சம் உப்பு பிஸ்கட்டும். அவற்றை மிகச் சிறு அளவாகப் பங்கிட்டும் சில நாட்களில் தீர்ந்துபோயின. அதன் பிறகு பல வாரங்கள் அவர்களுடைய வயிற்றுக்குள் போனது பெரும்பாலும் உருக்கிய பனிநீர் மட்டுமே. பற்பசையையும் தின்றதாகப் பின்னர் சொன்னார்கள்.

கோடரியின் இன்மைதான் என் மனத்தில் அதிகம் தங்கியது. ஃப்ளோரஸ் இயந்திர வேலை தெரிந்தவர். அவரிடம் ஒரு சுத்தியலும் உளியும் இருந்தன. விறகுக்காக மரங்களை அவர் அந்த உளியை வைத்துச் சுத்தியலால் அடித்தடித்துத்தான் வெட்டினார். நல்ல கோடரி இருந்தால் ஒரு மணி நேரத்தில் முடியும் வேலைக்கு நாளில் பாதி போகும். முறிந்த விலா எலும்புகள் வலிக்க வலிக்க ஒவ்வொரு அடியும் அடிக்கவேண்டும். அந்த அடிகளுக்கு வேண்டிய சூட்டை, உண்ணாத உடம்பு தன் தசையிலிருந்தே எடுத்துக்கொடுக்கும். விறகு எரிந்து கொடுக்கும் வெப்பத்தைவிட அதை வெட்டச் செலவாகும் உடல்வெப்பம் கூடிவிடுமோ என்ற கணக்கு அங்கே நாள்தோறும் நடந்துகொண்டிருந்தது என்று சொல்லலாம். கோடரி என்பது ஒன்றரைக் கிலோ எடை. பயணப்பையில் ஒரு சோடிக் காலணிக்குப் பதிலாக அது இருந்திருக்கலாம்.

தேடுதல் விமானங்கள் அவர்களைக் காணவில்லை. அடர்ந்த காட்டில் பனியால் மூடப்பட்ட விமானம் மேலிருந்து பார்ப்பவனுக்கு இன்னொரு பனிமூடிய புதர்தான். இறுதியில் ஃப்ளோரஸ் மரக்கிளைகளால் பனிக்காலணி செய்து மாட்டிக்கொண்டு, காட்டுக்கு வெளியே திறந்த பனிவெளி ஒன்றுக்கு நடந்து போய், காலால் மிதித்து மிதித்து எஸ்.ஓ.எஸ். என்ற எழுத்துகளைப் பெரிதாகப் பொறித்தார். அவ்வழியே பறந்த உள்ளூர் விமானி ஒருவர் அந்த எழுத்துகளைக் கண்டார். மோதி 49 நாள் கழித்து இருவரும் மீட்கப்பட்டார்கள். கிளாபனின் வலது கால் விரல்களைப் பனி தின்றுவிட்டிருந்தது. அவற்றை அறுவை செய்து நீக்கவேண்டியதாயிற்று.

இந்தக் கதை பெரும்பாலும் மன உறுதியின் கதையாகவே சொல்லப்படுகிறது. மன உறுதி இருந்தது உண்மை. ஃப்ளோரஸின் இறை நம்பிக்கையும் இருவருக்கும் இடையே நடந்த வாக்குவாதங்களும்கூட அவர்களை விழித்திருக்கச் செய்தன. ஆனால் ஆய்வு நோக்கில் பார்த்தால் அவர்கள் உயிர்பிழைத்ததற்கு மூன்று பௌதிகக் காரணங்கள் இருந்தன: தீமூட்ட முடிந்தது, காற்றைத் தடுக்கும் கூரையாக விமான உடல் இருந்தது, இறுதியில் வானத்துக்குத் தெரியும் அடையாளம் ஒன்று உண்டானது. அவற்றுள் மூன்றாவதற்குத்தான் நாற்பது நாளுக்கு மேல் ஆயிற்று. கைக்கண்ணாடி அளவுள்ள சமிக்ஞை ஆடி ஒன்று, வெயிலுள்ள நாளில் பல கிலோமீட்டர் தொலைவிலிருக்கும் விமானியின் கண்ணில் ஒளியைப் பாய்ச்சும். இரண்டு வண்ணப் புகைக்குழல்கள் இருந்திருந்தால் தேடுதலின் முதல் வாரத்திலேயே கதை முடிந்திருக்கலாம்.

வேடர்கள் கண்ட விமானம்

1967 மார்ச் 11 அன்று ஆரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்திலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குக் கிளம்பிய ஒரு செஸ்னா 195 விமானத்தில் கணவன், மனைவி, அந்தப் பெண்ணின் பதின்வயது மகள் ஆகிய மூவர் இருந்தனர். வடக்குக் கலிஃபோர்னியாவின் டிரினிட்டி மலைகளில் அது விழுந்தது. மூவருமே மோதலில் பிழைத்தார்கள். கணவர் உதவி தேடி நடந்துபோனார், திரும்பவில்லை. தாயும் மகளும் காத்திருந்தார்கள். மகள் நாட்குறிப்பு எழுதினாள். அந்தக் குறிப்புகள் விபத்துக்குப் பின் 54 நாள் வரை நீள்கின்றன. பிறகு நின்றுவிடுகின்றன. இலையுதிர்காலத்தில் வேட்டைக்குப் போனவர்கள்தாம் அந்த விமானத்தைக் கண்டார்கள்.

ஃப்ளோரஸ் நிகழ்வு சாமான் இல்லாததன் விலையைக் காட்டியது என்றால், இது இடம் தெரியாததன் விலையைக் காட்டியது. ஏழு வாரங்களுக்கு மேல் உயிரோடு இருந்த ஒருவரை, மக்கள் வாழும் ஒரு மாநிலத்தின் மலையில், ஒருவராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. நாட்குறிப்பு வெளியானபின் எழுந்த அதிர்ச்சி அமெரிக்கக் காங்கிரஸ்வரை போனது. 1970 டிசம்பர் 29 அன்று கையெழுத்தான தொழிலிடப் பாதுகாப்புச் சட்டத்தோடு ஒட்டப்பட்ட ஒரு திருத்தம், பெரும்பாலான சிறு விமானங்களில் தானே இயங்கும் அவசர இடங்காட்டி பொருத்தப்படவேண்டும் என்று விதித்தது; ஏற்கெனவே பறந்துகொண்டிருந்த விமானங்களுக்கு மூன்று ஆண்டு அவகாசம் கொடுத்தது.

பாக்ஸும் பெகிச்சும் மறைந்ததால்தான் அந்தச் சட்டம் வந்தது என்று பல இடங்களில் எழுதப்படுவதைக் காணலாம். அது சரியல்ல. அவர்கள் மறைந்த நாளில் கூட்டாட்சிச் சட்டம் ஏற்கெனவே கையெழுத்தாகி, அவகாசக் காலத்தில் இருந்தது; அதே சபையின் உறுப்பினர்கள் இருவர், தங்கள் சபை விதித்த கருவி இல்லாத விமானத்தில், மாநிலச் சட்டம் அன்றே விதித்திருந்த கருவியும் இல்லாமல் போனார்கள் என்பதே உண்மை. அவகாசம் என்பது அலுவலகக் காகிதத்தில் நியாயமான சொல்லாகத்தான் இருக்கிறது.

கருவி கழன்றால்

கருவியைப் பொருத்திவிட்டால் சிக்கல் தீர்ந்ததா? முதல் தலைமுறைக் கருவிகள் 121.5 மெகாஹெர்ட்ஸில் ஒலி எழுப்பின. தரையில் சற்றுக் கரடுமுரடாக இறங்கினாலும் சில கருவிகள் கத்தத் தொடங்கிவிடும். பொய் எச்சரிக்கைகள் குவிந்து, உண்மை எச்சரிக்கையை நம்பவே ஆள் இல்லாமற்போனது. 1982 செப்டம்பரில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் விழுந்த சிறு விமானத்திலிருந்து மூவர் மீட்கப்பட்டபோது, செயற்கைக்கோள் வழியே ஒலியைப் பிடித்து இடத்தைக் கணிக்கும் காஸ்பாஸ்–சார்சாட் அமைப்பு தன் முதல் பலனைத் தந்தது. பின்னர் வந்த 406 மெகாஹெர்ட்ஸ் கருவி தன் அடையாள எண்ணையும் சேர்த்து அனுப்பும். உரிமையாளரைத் தொலைபேசியில் அழைத்து, ‘விமானம் எங்கே?’ என்று கேட்டு, பொய் எச்சரிக்கையை நிமிடங்களில் பிரித்துவிடலாம். 2009 பிப்ரவரி 1 முதல் செயற்கைக்கோள்கள் பழைய 121.5 ஒலியைக் கவனிப்பதை நிறுத்திவிட்டன. பழைய கருவியோடு பறப்பவர், செயற்கைக்கோள் எதுவும் காதுகொடுக்காத திசையில் கத்துகிறார்.

புதிய கருவியும் ஒரு நாள் ஊமையானது, அதுவும் அலாஸ்காவில். 2010 ஆகஸ்ட் 9 அன்று பிற்பகல், தென்மேற்கு அலாஸ்காவின் அலெக்னாகிக் ஊருக்கு அருகே மலைச்சரிவில் ஒரு ஒற்றை எஞ்சின் ஆட்டர் மிதவை விமானம் மோதியது. ஒன்பது பேரில் ஐவர் இறந்தனர். இறந்தவர்களுள் ஒருவர் நாற்பது ஆண்டுகள் செனட்டராக இருந்த டெட் ஸ்டீவன்ஸ். பிழைத்தவர்களுள் ஒருவர் நாசாவின் முன்னாள் தலைவர் ஷான் ஓ’கீஃப். ஸ்டீவன்ஸை 2008 தேர்தலில் தோற்கடித்தவர் மார்க் பெகிச். 1972இல் மறைந்த நிக் பெகிச்சின் மகன். அந்த மாநிலத்தின் அரசியலே சிறு விமானங்களால் இணைக்கப்பட்டிருக்கிறது என்று தோன்றும்.

அந்த ஆட்டரில் 406 மெகாஹெர்ட்ஸ் இடங்காட்டி முறையாகவே பொருத்தப்பட்டிருந்தது. மோதலின் வேகத்தில் அது தன் தாங்கியிலிருந்து கழன்று, வெளியிலிருந்த ஆண்டெனாவோடு இருந்த இணைப்பை இழந்தது. செயற்கைக்கோளுக்கு ஒரு துளி செய்தியும் போகவில்லை. விமானம் போய்ச்சேரவேண்டிய மீன்பிடி முகாமுக்குப் போகவில்லை என்பதே, புறப்பட்ட விடுதியிலிருந்து மாலையில் அழைத்துக் கேட்டபோதுதான் தெரிந்தது. உள்ளூர் விமானிகள் தேடிக் கண்டுபிடித்தார்கள். ஒரு மருத்துவர் சரிவில் ஏறிப்போய்க் காயம்பட்டவர்களோடு மழையிலும் குளிரிலும் இரவைக் கழித்தார். மறுநாள் காலையில்தான் அவர்களை வெளியே கொண்டுவர முடிந்தது.

பாதுகாப்பு வாரியம் அந்த விபத்தில் இரண்டு செய்திகளைத் தனியே எடுத்துப் பேசியது. ஒன்று, இடங்காட்டியைப் பிடித்துவைக்கும் தாங்கியின் வலிமை. மற்றொன்று, உயிர்காப்புச் சாமானும் தகவல்தொடர்புக் கருவியும் விமானத்தில் எங்கே இருக்கின்றன, எப்படி இயக்குவது என்று பயணிகளுக்குக் கிளம்புமுன் சொல்லப்படாதது. இரண்டாவதை நான் முதலாவதைவிடப் பெரிதாக எண்ணுகிறேன். சிறு விமான விபத்துகளில் முன்னால் உட்கார்ந்திருக்கும் விமானியே அதிகம் அடிபடுபவர்களில் ஒருவர். சாமானைக் கட்டிவைத்தவர் அவர். அது எங்கே என்று அறிந்தவரும் அவர் ஒருவரே. அவர் நினைவிழந்தால் விமானத்திலுள்ள கோடரியும் தீமூட்டியும் பூட்டிய வீட்டிலிருக்கும் பணம்போலத்தான்.

இதனால்தான் அலாஸ்கா விமானிகளிடையே ஒரு பேச்சு வழங்குகிறது: உன் உடம்பில் இருப்பது உயிர்காக்கும், விமானத்தில் இருப்பது முகாம் போடத்தான் உதவும். நீரில் விழுந்த விமானம் மூழ்க ஒரு நிமிடம் போதும். எரிபொருள் பற்றிக்கொண்டால் அதைவிடக் குறைவு. பின்புறச் சாமானறையில், இரண்டு பயணப்பைகளுக்கு அடியில், இறுக்கிய வலைக்குள் கிடக்கும் உறங்குபையை எடுக்கத் திரும்பிப்போக நேரம் இருக்காது. ஆகவே அனுபவசாலிகள் பல பைகள் தைத்த கையில்லாச் சட்டை ஒன்றை இருக்கைப் பட்டைக்குள் அணிந்தபடியே ஓட்டுகிறார்கள். அதில் இருப்பவை அதிகமில்லை: செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பும், கைக்கு அடக்கமான தனிநபர் இடங்காட்டி, விசில், சமிக்ஞை ஆடி, கத்தி, நீர் புகாத உறையில் தீமூட்டியும் வாசலின் தடவிய பஞ்சும், மெல்லிய வெள்ளித்தாள் போர்வை.

பஞ்சைப் பற்றி ஒரு சொல். குளிரில் விறைத்த விரல்கள் தீக்குச்சியைப் பிடிக்கா. பிடித்தாலும் உரசும்போது கை நடுங்கி உடைந்துவிடும். கட்டைவிரலளவு பஞ்சுருண்டையில் வாசலின் ஊறவைத்திருந்தால், ஒரே பொறியில் பற்றி, ஈரச் சுள்ளி காய்ந்து பிடிக்குமளவு சில நிமிடம் நின்று எரியும். வீட்டில் பத்து உருண்டைகள் செய்ய ஐந்து நிமிடம் ஆகும். அதை ஒருமுறை மழையில், கையுறையோடு, முற்றத்தில் செய்து பார்க்காதவர் அதைச் சாமான் என்று கணக்கில் சேர்க்கக்கூடாது என்பது என் கருத்து.

படிவத்தில் ஒரு கோடு

ஜோன்ஸிடம் வாய்மொழியாகக் கேட்கப்பட்ட கேள்வி இன்று உலகெங்கும் ஒரே படிவத்தில் அச்சாகி இருக்கிறது. பன்னாட்டுக் குடிசார் வான் போக்குவரத்து அமைப்பின் பயணத் திட்டப் படிவத்தில், சென்னையிலோ கொழும்பிலோ ஆங்கரேஜிலோ நிரப்பப்பட்டாலும், 19ஆம் எண்ணின் கீழ் எரிபொருள் எத்தனை மணிக்கு, ஆட்கள் எத்தனை பேர் என்பவற்றோடு அவசர வானொலி, இடங்காட்டி, துருவம், பாலைவனம், கடல், காடு ஆகிய நிலங்களுக்கான உயிர்காப்புச் சாமான், மிதவைச் சட்டை, மிதவைப் படகு என்று எல்லாம் ஏற்கெனவே அச்சிடப்பட்டிருக்கும். விமானி செய்யவேண்டியது இருப்பதைக் குறிப்பது அல்ல, இல்லாததை அடிப்பது. அவசரத்தில் ஒன்றும் செய்யாமல் விட்டால், படிவம் தானாகவே ‘எல்லாம் இருக்கிறது’ என்று சொல்லிவிடுகிறது.

அந்தப் பகுதி மற்ற விவரங்களோடு சேர்த்து வழியிலுள்ள கட்டுப்பாட்டு நிலையங்களுக்கு அனுப்பப்படுவதில்லை. புறப்பட்ட இடத்து அலுவலகக் கோப்பிலேயே இருக்கும். விமானம் போய்ச்சேரவேண்டிய நேரம் கடந்து, யாரோ ஒருவர் தொலைபேசியை எடுத்த பிறகே, அந்தக் கட்டங்களில் எதன்மேல் கோடு விழுந்திருக்கிறது என்று அதை முதன்முதலாகப் பிரித்துப் படிப்பார்கள்.